சர்க்கரையைக் குறைத்தால் ஐஸ்க்ரீம் ஏன் கல்லாகிறது? திண்டுக்கல் சந்தையிலேயே இருக்கிறது பதில்!

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் திண்டுக்கல்லில் மதியச் சாப்பாடு முடிந்ததும் பல வீடுகளில் ஃப்ரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்கும். பிள்ளைகளுக்கு ஐஸ்க்ரீம். அப்பா, அம்மாவுக்கு ஒரு ஸ்பூன். தாத்தாவுக்கும் பாட்டிக்கும் மட்டும் ஒரு டம்ளர் மோர். "உங்களுக்குத்தான் சுகர் இருக்கே" என்று சொல்லிவிட்டு எல்லோரும் சாப்பிட, பெரியவர்கள் டி.வி. பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு அதே டப்பாவை யாருக்கும் தெரியாமல் திறப்பதும் அவர்கள்தான்!

இது ஏதோ சில வீடுகளின் கதை அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்காக, சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நாடு முழுக்க 1,13,043 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2023 ஜூனில் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. இன்னும் 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள். தேசிய சராசரி 11.4 சதவிகிதம் என்றால், தமிழ்நாட்டில் 14.4 சதவிகிதம். பெரியவர்களில் ஏழு பேருக்கு ஒருவர். அதாவது, ஐஸ்க்ரீம் பரிமாறும்போது விடுபடுகிற ஒருவர் ஏறக்குறைய எல்லாக் கூட்டுக் குடும்பங்களிலும் இருக்கிறார்.

தாத்தாவும் பேரனும் ஒரே கிண்ணத்திலிருந்து சாப்பிடுகிற மாதிரி வீட்டிலேயே செய்ய முடியாதா? முடியும். ஆனால், வழக்கமான செய்முறையில் சர்க்கரையை மட்டும் பாதியாக்கினால் நடக்காது. கரண்டி உள்ளே இறங்காத ஐஸ் கட்டிதான் மிஞ்சும். முயன்று பார்த்த பலர் "வீட்டில் செய்தால் சரியாகவே வராது" என்று கைவிடுவது இந்த இடத்தில்தான். ஏன் அப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதிக்கு சந்தைக்கு ஒரு நடை போய் வந்தால் போதும்.

ஒரு டின்னில் எவ்வளவு சர்க்கரை?

மெஷின் இல்லாமல் வீட்டில் ஐஸ்க்ரீம் செய்ய இன்று பெரும்பாலானோர் பின்பற்றும் வழி ஒன்றுதான். ஃப்ரெஷ் க்ரீமை அடித்து, அதில் ஒரு டின் கண்டென்ஸ்டு மில்க் ஊற்றி, டப்பாவில் அடைத்து ஃப்ரீசரில் வைப்பது. சுலபம், சுவையும் பிரமாதம். ஆனால், கண்டென்ஸ்டு மில்க்கின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. 400 கிராம் டின் ஒன்றில் ஏறக்குறைய 215 கிராம் இருக்கும். எட்டுப் பேர் பகிர்ந்து சாப்பிட்டாலும் ஆளுக்கு 27 கிராம்.

நாம் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரையிலிருந்து கிடைக்கும் கலோரி மொத்தத்தில் 10 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவிகிதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. அந்த 5 சதவிகிதம் என்பது ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராம். டீ, காபி, பிஸ்கட் எல்லாம் இதற்குள் அடக்கம். ஒரே ஒரு கிண்ணத்தில் அன்றைய கணக்கு முடிந்துவிடுகிறது. சுகர் இல்லாதவர்களும் யோசிக்க வேண்டிய கணக்கு இது.

சர்க்கரை செய்கிற மூன்று வேலைகள்

ஐஸ்க்ரீமில் சர்க்கரை இனிப்புக்காக மட்டும் இல்லை. அது ஒரே நேரத்தில் மூன்று வேலைகள் செய்கிறது.

முதல் வேலை, இனிப்பு. இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. குளிர்ந்த பொருளில் இனிப்பு குறைவாகத்தான் தெரியும். இனிப்பை நாக்கு உணர்வதற்கு உதவும் டி.ஆர்.பி.எம்.5 என்ற புரதம் குளிரில் மந்தமாகிவிடுகிறது என்று 2005-ல் 'நேச்சர்' இதழில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உருகிப்போன ஐஸ்க்ரீமைக் குடித்தால் திகட்டுவது இதனால்தான். உறைந்த நிலையிலும் தித்திக்க வேண்டும் என்பதற்காகவே கூடுதலாகச் சர்க்கரை சேர்க்கிறார்கள்.

இரண்டாவது வேலை, மென்மை. தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் உறையும். ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் சர்க்கரையைக் கரைத்தால், அது உறைய இன்னும் சுமார் அரை டிகிரி கீழே போக வேண்டும். கொஞ்சம் தண்ணீர் ஐஸாக மாற மாற, மீதித் தண்ணீரில் சர்க்கரை மேலும் மேலும் அடர்த்தியாகும். அந்தப் பாகு உறையாமல் ஐஸ் துகள்களுக்கு நடுவே தங்கிவிடும். மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரிலும் ஐஸ்க்ரீமுக்குள் கரண்டி இறங்குவது இந்த உறையாத பகுதியால்தான். சர்க்கரையை எடுத்துவிட்டால் இந்தப் பாகும் போய்விடும். பிறகு கல்தான்.

மூன்றாவது வேலை, உடம்பு. கலவைக்குக் கெட்டித்தன்மை தந்து, தண்ணீர் பெரிய பெரிய ஐஸ் துகள்களாகச் சேராமல் தடுப்பது. துகள் பெரிதானால் நாக்கில் மணல் மாதிரி நறநறக்கும்.

ஆக, சர்க்கரையைக் குறைக்கிறவர் இந்த மூன்று வேலைகளுக்கும் வேறு ஆள் போட வேண்டும். இனிப்புக்குப் பழம். மென்மைக்குக் கொழுப்பு. கெட்டித்தன்மைக்கு நார்ச்சத்தோ மாவுச்சத்தோ பிசினோ. இந்த மூன்றும் திண்டுக்கல் சந்தைக்குத் தினமும் வந்து இறங்குகின்றன.

நாட்டுச்சர்க்கரை போட்டால் போதாதா?

போதாது. பலரும் ஏமாறுகிற இடம் இது. "வெள்ளைச் சர்க்கரை சேர்க்கவில்லை, கருப்பட்டிதான்" என்று சொல்லி சுகர் இருப்பவருக்குத் தாராளமாகக் கொடுத்துவிடுகிறார்கள். வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி எல்லாவற்றிலும் பெரும்பகுதி இருப்பது சர்க்கரைதான். தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. பேரீச்சம்பழ சிரப்பும் அப்படித்தான். நிறமும் மணமும் கொஞ்சம் தாதுச்சத்தும் கூடுதலாக இருக்கலாம். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் விஷயத்தில் பெரிய சலுகை கிடையாது. மணத்துக்காக ஒரு டீஸ்பூன் கருப்பட்டி போடுவதில் தவறில்லை. அதையும் சர்க்கரைக் கணக்கில்தான் எழுத வேண்டும்.

பழச்சாறும் இதே ரகம். முழுப் பழத்தில் இருக்கும் நார்ச்சத்து, சர்க்கரை ரத்தத்தில் கலக்கும் வேகத்தைக் குறைக்கும். சாற்றைப் பிழிந்துகொண்டு சக்கையைத் தூக்கி எறிந்தால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். அதனால், சாற்றை உறைய வைப்பதைவிட சதையோடு அரைத்து உறைய வைப்பதே நல்லது.

சந்தையில் என்ன வாங்கலாம்?

திண்டுக்கல் சமவெளியில் இருந்தாலும், அதைச் சுற்றி இருப்பது மலை. ஒரு பக்கம் சிறுமலை, இன்னொரு பக்கம் கொடைக்கானல் கீழ்மலை. இரண்டின் விளைச்சலும் நகரத்து மார்க்கெட்டுக்கு வந்துவிடுகிறது.

சிறுமலை மலைவாழை: புவிசார் குறியீடு பெற்ற பழம். சதை கெட்டி, நீர்ச்சத்து குறைவு. பழநி பஞ்சாமிர்தத்துக்கு மலைவாழையைத் தேடி வாங்குவதன் காரணமும் இதுதான். பஞ்சாமிர்தம் நீர்த்துப்போகாது. ஐஸ்க்ரீமுக்கும் இதே குணம்தான் வேண்டும். தண்ணீர் குறைந்தால் ஐஸ் துகளும் குறையும்.

பட்டர் ஃபுரூட்: தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபித் தோட்டங்களுக்கு நடுவே காய்க்கிற வெண்ணெய்ப்பழம். 100 கிராம் சதையில் கொழுப்பு சுமார் 15 கிராம், சர்க்கரை ஒரு கிராம்கூட இல்லை. குறைந்த சர்க்கரை ஐஸ்க்ரீமுக்கு இதைவிடப் பொருத்தமான பழம் இல்லை.

ஆயக்குடி கொய்யா: பழநி பக்கத்து ஆயக்குடி, கொய்யாவுக்குப் பெயர்போன ஊர். 100 கிராம் கொய்யாவில் சர்க்கரை சுமார் 9 கிராம், நார்ச்சத்து 5 கிராம். வைட்டமின் சி ஆரஞ்சைவிடப் பல மடங்கு அதிகம்.

கோடையில் நுங்கு, இளநீர். மளிகைக் கடையில் பாதாம் பிசின், கேழ்வரகு, நன்னாரி வேர். இவ்வளவுதான் பட்டியல்.

இனி ஐந்து செய்முறைகள். ஒவ்வொன்றிலும் எவ்வளவு சர்க்கரை வரும் என்பதும் தோராயமாகக் கொடுக்கப்பட்டுள்ளது. பழத்தின் ரகத்தையும் கனிவையும் பொறுத்து இது கொஞ்சம் கூடக் குறைய இருக்கும்.

1. பட்டர் ஃபுரூட் - மலைவாழை ஐஸ்க்ரீம்

தேவை: நன்றாகப் பழுத்த பட்டர் ஃபுரூட் 2 (சதை 300 கிராம்), சிறுமலை வாழைப்பழம் 1 பெரியது அல்லது 2 சிறியது (80 கிராம்), துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்த தயிர் 150 கிராம், காய்ச்சி ஆறிய பால் 100 மில்லி, எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன், ஏலக்காய்த்தூள், ஒரு சிட்டிகை உப்பு.

வாழைப்பழத்தை வட்டமாக நறுக்கி முதல்நாள் இரவே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். மறுநாள் எல்லாவற்றையும் சேர்த்து மிக்ஸியில் வெண்ணெய் போல அரையுங்கள். தட்டையான மூடி போட்ட டப்பாவில் ஊற்றி நான்கு மணி நேரம் உறைய விடுங்கள். பட்டர் ஃபுரூட்டை எக்காரணம் கொண்டும் அடுப்பில் வைக்க வேண்டாம். சூடு பட்டால் கசக்கும். எலுமிச்சைச் சாறு நிறம் கறுக்காமல் காக்கும்.

ஆறு பேருக்கு வரும். ஒருவருக்குச் சுமார் 4 கிராம் சர்க்கரை. அதுவும் பழத்திலும் பாலிலும் இயற்கையாக இருப்பது. ஆனால், கொழுப்பு இருப்பதால் கலோரி குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு சின்னக் கிண்ணம் போதும்.

2. கேழ்வரகுப் பால் குல்ஃபி

தேவை: கொழுப்பு நீக்காத பால் ஒரு லிட்டர், கேழ்வரகு 3 டேபிள்ஸ்பூன், பாதாம் பொடி 2 டேபிள்ஸ்பூன், சர்க்கரை 25 கிராம் (ஐந்து டீஸ்பூன்), ஏலக்காய்.

கேழ்வரகை ஆறு மணி நேரம் ஊறவைத்து அரைத்து, மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டிப் பாலெடுங்கள். குழந்தைக்குக் கூழ் காய்ச்ச எடுப்போமே, அதே முறைதான். மாட்டுப்பாலை அடிகனமான பாத்திரத்தில் 600 மில்லியாக வற்றக் காய்ச்சுங்கள். அடுப்பைக் குறைத்துக் கேழ்வரகுப் பாலை ஊற்றி, கட்டி தட்டாமல் ஐந்தாறு நிமிடம் கிளறுங்கள். தோசை மாவு பதம் வந்ததும் சர்க்கரை, பாதாம் பொடி, ஏலக்காய் சேர்த்து இறக்கி ஆறவிட்டு, எட்டு அச்சுகளில் ஊற்றி உறைய வையுங்கள். அச்சு இல்லையா? சின்ன டம்ளரும் ஐஸ் குச்சியும் போதும்.

கேழ்வரகு மாவுச்சத்து தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்வதால் பாலைக் கால்வாசியாகச் சுண்டக் காய்ச்ச வேண்டியதில்லை. அதிகம் சுண்டினால் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை அடர்ந்து, நறநறவென்று பிரியும் வாய்ப்பும் உண்டு.

ஒரு குல்ஃபியில் சேர்த்த சர்க்கரை 3 கிராம், பாலின் லாக்டோஸ் 6 கிராம். அரை டின் கண்டென்ஸ்டு மில்க் ஊற்றிச் செய்திருந்தால் அந்த டின்னிலிருந்து மட்டுமே ஒரு குல்ஃபிக்கு 13 கிராம் வந்திருக்கும்.

3. கொய்யா காரக் குச்சி

தேவை: பழுத்த கொய்யா அரை கிலோ, தண்ணீர் ஒரு டம்ளர், எலுமிச்சை பாதி, உப்பு, மிளகாய்த்தூள் இரண்டு சிட்டிகை.

கொய்யாவை நறுக்கித் தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் வேகவைத்து மசியுங்கள். விதை மட்டும் போகிற மாதிரி சல்லடையில் தேய்த்து எடுங்கள். உப்பு, காரம், எலுமிச்சை சேர்த்து ஆறு அச்சுகளில் உறைய வையுங்கள்.

பள்ளிக்கூட வாசலில் மிளகாய்ப்பொடி தூவி விற்கிற கொய்யாக்கீற்றின் ருசி இதில் அப்படியே வரும். சர்க்கரை சேர்க்கவே வேண்டாம். ஒரு குச்சியில் பழத்தின் இயற்கைச் சர்க்கரை சுமார் 7 கிராம். காரமும் புளிப்பும் உப்பும் இருக்கும் இடத்தில் நாக்கு இனிப்பை அவ்வளவாகத் தேடாது.

இதில் கொழுப்பு இல்லை. அதனால், டப்பாவில் வைத்துக் கரண்டியால் எடுக்க முயன்றால் தோற்றுப்போவீர்கள். குச்சியில் உறைய வைத்தால் அதே கடினம்தான் கடிக்கச் சுகம். சர்க்கரை இல்லாத எதையும் இப்படிக் குச்சியாகவோ துருவலாகவோ மாற்றிக்கொள்வது ஒரு நல்ல தந்திரம்.

4. நீர்மோர் துருவல்

தேவை: புளிக்காத தயிர் ஒரு டம்ளர், தண்ணீர் இரண்டு டம்ளர், இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி, பெருங்காயம், உப்பு.

வழக்கமான நீர்மோர்தான். கொஞ்சம் கூடுதலாக உப்பும் இஞ்சியும் போட்டு வடிகட்டி, அகலமான எவர்சில்வர் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து, அதன்பின் அரை மணிக்கு ஒருமுறை முள்கரண்டியால் கீறிவிடுங்கள். மூன்று மணி நேரத்தில் பஞ்சு மாதிரி துருவல் கிடைக்கும். பிரியாணி சாப்பிட்ட மதியத்துக்கு இதைவிடப் பொருத்தம் எது? சர்க்கரை, தயிரில் இருக்கும் சில கிராம் மட்டுமே. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பைக் குறைத்துக்கொள்ளலாம்.

5. நன்னாரி - பாதாம் பிசின் ஜிகர்தண்டா

பக்கத்து ஊர் மதுரையின் ஜிகர்தண்டாவில் சர்க்கரை மூன்று வழிகளில் நுழைகிறது. பாலில், ஐஸ்க்ரீமில், நன்னாரி சிரப்பில். மூன்றையும் மாற்றலாம்.

நன்னாரி வேரை இடித்து, கொதித்த வெந்நீரில் போட்டு மூடி, இரவு முழுக்க ஊறவிட்டு வடிகட்டினால் சிரப் இல்லாமலேயே மணம் கிடைக்கும். பாதாம் பிசின் இரண்டு துண்டை இரவே ஊறப்போட்டால் காலையில் கண்ணாடி போலப் பொங்கி நிற்கும். அதற்கென்று சுவை கிடையாது, சர்க்கரையும் கிடையாது. டம்ளரில் பிசின், அதன்மேல் நன்னாரி நீர், அதன்மேல் வற்றக் காய்ச்சிக் குளிரவைத்த பால், மேலே ஒரு கரண்டி பட்டர் ஃபுரூட் ஐஸ்க்ரீம். இளநீரில் நுங்கைப் போட்டு உறைய வைத்த சின்னக் கட்டிகள் இருந்தால் அவற்றையும் சேர்க்கலாம். பார்க்கவும் அழகு.

மெஷின் இல்லாமல் மெத்தென்று வர...

ஐஸ்க்ரீம் மெஷின் செய்கிற வேலை, உறையும்போதே கிளறிக்கொண்டிருப்பது. கலவையை முதல் இரண்டு மணி நேரம், அரை மணிக்கு ஒருமுறை வெளியே எடுத்து நன்றாக அடித்துவிட்டு மீண்டும் வைத்தால் துகள்கள் பெரிதாகாது.

ஆழமான டப்பாவைவிடத் தட்டையான டப்பா நல்லது. சீக்கிரம் உறையும். சீக்கிரம் உறைந்தால் துகள் சிறிதாக இருக்கும். அதே காரணத்தால், கலவையை ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்த பிறகே ஃப்ரீசருக்கு மாற்றுங்கள்.

பரிமாறுவதற்கு 10 நிமிடம் முன்பு வெளியே எடுத்துவையுங்கள். இளகுவது ஒரு லாபம். இன்னொரு லாபம், குளிர் கொஞ்சம் குறைந்ததும் நாக்குக்கு இனிப்பு கூடுதலாகத் தெரியும். ஒரு கிராம் சர்க்கரை சேர்க்காமலேயே தித்திப்பு ஏறும்!

பிள்ளைகளுக்கு விடுமுறை விளையாட்டு ஒன்றும் உண்டு. ஒரு பெரிய பையில் மூன்று பங்கு ஐஸ் கட்டி, ஒரு பங்கு கல் உப்பு போடுங்கள். குளிர்ந்த கலவையை இன்னொரு சின்னப் பையில் ஊற்றி, இறுக மூடி, ஐஸுக்கு நடுவே வைத்துக் குலுக்கச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் மெத்தென்று உறைந்துவிடும். உப்பு கலந்த ஐஸ் மைனஸ் 21 டிகிரி வரை இறங்கக்கூடியது. கரன்ட் இல்லாத காலத்தில் மரவாளியில் கையால் சுற்றி ஐஸ்க்ரீம் செய்தது இந்த உத்தியில்தான். அதே குளிர் தோலைப் புண்ணாக்கும் என்பதால் பையைக் கனமான துண்டில் சுற்றிக் கொடுக்க வேண்டும்.

சீனித்துளசி, எரித்ரிட்டால் போடலாமா?

சீனித்துளசியிலிருந்து எடுக்கும் ஸ்டீவியா, சர்க்கரையைவிட 200 மடங்குக்கு மேல் இனிப்பு. கடுகளவு போதும். ஆனால், அந்தக் கடுகளவால் மென்மையும் கெட்டித்தன்மையும் வராது. இனிப்பான கல்தான் கிடைக்கும். பட்டர் ஃபுரூட் போல மற்ற இரண்டு வேலைகளையும் பார்க்க ஆள் இருக்கும் கலவையில் மட்டுமே அது உதவும். அதிகமானால் கசப்பு தட்டும்.

எரித்ரிட்டால் அப்படியல்ல. உறைநிலையைச் சர்க்கரையைவிட நன்றாகவே கீழே இறக்கும், ஐஸ்க்ரீம் இளகும். அளவு மீறினால் குளிரில் மீண்டும் பொடியாகப் பிரிந்து நறநறக்கும். ரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்து அதிகமாகக் காணப்பட்டதாக 2023-ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. அதுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை என்றாலும், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

உடல் எடையைக் குறைப்பதற்காகச் செயற்கை இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2023 மே மாதம் அறிவுறுத்தியது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. குழந்தைகளுக்கு இவை எதுவும் தேவையில்லை. சிறு வயதிலேயே குறைந்த இனிப்புக்கு நாக்கைப் பழக்குவதுதான் நீண்ட நாள் லாபம். வீட்டில் நாய் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. சைலிட்டால் என்ற இனிப்பு நாய்களின் உயிரையே பறிக்கும்.

கடையில் வாங்கும்போது

எல்லா நாளும் வீட்டில் செய்ய முடியாது. கடையில் வாங்கினால் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 'குறைந்த சர்க்கரை' என்று போட, திடப்பொருளாக இருந்தால் 100 கிராமுக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது. 'சுகர் ஃப்ரீ' என்றால் 0.5 கிராமைத் தாண்டக் கூடாது. இது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்பது வேறு. அதில் பழம், பால் ஆகியவற்றின் சர்க்கரை இருக்கும்.

'ஃப்ரோசன் டெசர்ட்' என்ற பெயரைப் பார்த்து ஆரோக்கியமானது என்று எண்ண வேண்டாம். பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்தது என்பதே அதன் பொருள். சர்க்கரைக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை.

இன்னொன்று, கணக்கு 100 மில்லிக்கா, 100 கிராமுக்கா என்று பாருங்கள். ஐஸ்க்ரீமில் காற்று நிறைய இருக்கும். ஒரு லிட்டர் ஐஸ்க்ரீம் குறைந்தது 525 கிராம் எடை இருந்தால் போதும் என்கிறது விதி. மில்லி கணக்கில் சின்னதாகத் தெரியும் எண், கிராம் கணக்கில் ஏறக்குறைய இரட்டிப்பாகலாம்.

சுகர் உள்ளவர்கள் கவனத்துக்கு...

சர்க்கரை குறைவு என்பதற்காக இரண்டு மூன்று கிண்ணம் சாப்பிட்டால் கணக்கு பழைய இடத்துக்கே வந்துவிடும். அரை கப் அளவு போதும். முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடுதலாகச் சேர்ப்பதைவிட, அன்றைக்குச் சோற்றின் அளவைக் குறைத்துக்கொண்டு சாப்பிடுவது நல்லது. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், புதிதாக ஒன்றைச் சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். அவரவர் உடம்புக்கு எது ஒத்துக்கொள்கிறது என்று தெரிந்துவிடும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வாழைப்பழம், பட்டர் ஃபுரூட், இளநீர் மூன்றிலும் பொட்டாசியம் அதிகம் என்பதை மறக்கக் கூடாது. மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

மிக முக்கியமான ஒன்று. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குத் திடீரென வியர்த்து, கை நடுங்கி, படபடப்பு வந்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். அந்த நேரத்தில் இந்தக் குறைந்த சர்க்கரை ஐஸ்க்ரீமோ ஸ்டீவியா கலந்த பானமோ காப்பாற்றாது. தண்ணீரில் மூன்று டீஸ்பூன் சாதாரணச் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் கலந்து உடனே கொடுக்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. நேராக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வீட்டில் சர்க்கரையே வாங்குவதில்லை என்பவர்களும் ஒரு சின்ன டப்பாவில் இதற்காக வைத்திருப்பது நல்லது.

கரன்ட் போனால்?

உறைய வைப்பதால் கிருமிகள் சாவதில்லை, தூங்குகின்றன. இளகியதும் விழித்துக்கொள்ளும். அதனால், பாலை நன்றாகக் காய்ச்சுங்கள், தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள், பச்சை முட்டை சேர்க்கும் செய்முறைகளைத் தவிருங்கள். காய்ச்சிய கலவையைக் கோடை நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்துச் சீக்கிரம் ஆறவைத்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள்.

கரன்ட் போனால் ஃப்ரீசரைத் திறக்காமல் இருந்தாலே போதும். நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள், பாதி நிறைந்தது ஒரு நாள் வரை குளிரைத் தாக்குப்பிடிக்கும். முழுவதும் உருகி வெதுவெதுப்பாகிவிட்ட பால் ஐஸ்க்ரீமை மீண்டும் உறையவைத்துக் கொடுக்காதீர்கள். செலவு செய்து செய்ததுதான், இருந்தாலும் கொட்டிவிடுங்கள்.

முதன்முறை செய்பவர்கள் கொய்யாக் குச்சியில் தொடங்குவது நல்லது. அடுப்பில் ஐந்து நிமிட வேலை, பொருளும் மலிவு, சொதப்ப வழியே இல்லை. கை பழகியதும் பட்டர் ஃபுரூட்டுக்குப் போகலாம். முதல் வாரம் பிள்ளைகள் "இனிப்பே இல்லையே" என்றுதான் சொல்வார்கள். அன்று ஒரு பேரீச்சம்பழத்தைப் பொடியாக நறுக்கி அவர்கள் கிண்ணத்தில் மட்டும் தூவுங்கள். அடுத்த வாரம் அரைப் பழமாகக் குறையுங்கள். தாத்தாவின் கிண்ணத்துக்கும் பேரனின் கிண்ணத்துக்கும் இருக்கும் வித்தியாசம் அந்த அரைப் பேரீச்சம்பழம் மட்டும்தான் என்ற நிலை, கோடை முடிவதற்குள் வந்துவிடும்.